மாரிக்கு ‘ஓல் சீசன்’ டயர் போடலாமா?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த வேகன் ஆர் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். வேலை விஷயமாக வாரத்துக்கு இரண்டு தடவை கந்தளாய், ஹபரணை வழியாகத் தம்புள்ளைக்குப் போய் வருகிறார். காரோடு வந்த நாலு டயரிலும் மலையும் பனிப்பூவும் பதித்த முத்திரை இருக்கிறது. வெட்டுகள் ஆழமாக, பார்க்கப் புது டயர் மாதிரியே இருக்கின்றனவாம். ரொறன்ரோவில் இருக்கும் அத்தான், “மழைக்கும் விண்டருக்கும் சேர்த்து ஓல் சீசன்தான் சரி, வேறொன்றும் யோசிக்காதே” என்கிறார். இருக்கிற டயரோடு இந்த மாரியை ஓட்டுவதா, எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற ஓல் சீசன் தேடி வாங்குவதா, சாதாரண டயர் போதுமா என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் அந்த நாலையும் கழற்றுங்கள், அவை பனிக்குச் செய்த விண்டர் டயராகத்தான் இருக்கும். ஓல் சீசனைத் தேடிக் கொழும்புக்கு அலைய வேண்டாம். ஈரத் தரையில் நன்றாகப் பிடிக்கிற, அண்மையில் செய்த சாதாரண டயர் நாலு வாங்கிப் போடுங்கள். அவசரமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். 22 வருடமாக டயர் கழற்றிப் பூட்டுவதும் அலைன்மென்ட் பார்ப்பதும்தான் என் தொழில். இந்த விஷயத்தில் சுருக்கமாகப் பேச எனக்கு வராது.

அத்தானுக்கு நாலு பருவம். நமக்கு இரண்டுதான்: கச்சான் காற்றும் மாரி மழையும். கச்சான் அடிக்கிற மாதங்களில் பகலில் 34, 35 பாகை. தாரில் வெறுங்காலை வைக்க முடியாது. மாரியில் வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். ஆனால் குளிர் என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஜனவரி விடியலில் வாடைக்காற்றுக்கு நாம் சுவெற்றர் போட்டுக்கொண்டு நின்றாலும் வெப்பமானி 24 பாகைக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அத்தானின் விண்டர் என்பது குளிர், பனி, ஐஸ். நம்முடைய மாரி என்பது தண்ணீர். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் கடைக்காரன் எதையும் விற்கலாம்.

டயரின் இறப்பருக்கு முக்கியம் சூடுதான். தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் மாதிரி ஓடும். அதே போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் விடியும்போது வெள்ளைக் கட்டி. இறப்பர் அப்படி உறைந்து போகாது, ஆனால் அதே திசையில்தான் போகும். சாதாரண டயரின் இறப்பர் சுமார் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகினால் தரையில் இருக்கிற நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமிழ்ந்து பிடிக்காது. அதனால் குளிர் நாடுகளுக்கு, உறைபனியிலும் மென்மை குறையாத வேறு கலவையில் டயர் செய்கிறார்கள். அந்தக் கலவை இங்கே 30 பாகை வெயிலில், 50 பாகைக்கு மேல் கொதிக்கிற தாரில் என்ன ஆகும்? கொழகொழவென்று ஆகும். வளைவில் கார் அரை நொடி தாமதமாகத் திரும்புவது போல இருக்கும், பிரேக் பிடித்தால் தள்ளிக்கொண்டு போகும், சாதாரண டயரைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். மழைத் தரையிலாவது பிடிக்குமா என்றால் அதுவும் இல்லை. வெப்பமான ஈரத் தரையில் விண்டர் டயர் சாதாரண டயரைவிடப் பல மீற்றர் தள்ளித்தான் நிற்கும். பனியைக் கவ்வுவதற்கென்று வெட்டிய இறப்பர்க் கட்டைகள் மென்மையாக, உயரமாக இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது அவை மடிந்து கொடுத்துவிடுகின்றன.

உங்கள் டயர் உண்மையிலேயே அந்த இனம்தானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் குந்துங்கள். ஜப்பானில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஆணி பதித்த டயர்கள் வீதியைச் சுரண்டித் தூசு கிளப்புகின்றன என்று அவற்றை ஒழித்துவிட்டார்கள். அவற்றின் இடத்துக்கு வந்ததுதான் ஆணியில்லாப் பனி டயர். பக்கச் சுவரில் ‘ஸ்டட்லெஸ்’ என்றே எழுதியிருக்கும். வேகன் ஆருக்கு வழக்கமான அளவு 155/65 ஆர் 14. அதற்குப் பின்னால் சாதாரண டயரில் 75எஸ் என்று வரும். ஸ்டட்லெஸ்ஸில் பெரும்பாலும் 75கியூ என்று இருக்கும். 75 என்பது ஒரு டயர் தாங்கக்கூடிய எடையின் எண், அதாவது 387 கிலோ. எஸ் என்றால் 180 கிலோமீற்றர் வேகம் வரை, கியூ என்றால் 160 வரை. நமது வீதியில் யாரும் 160இல் போகப் போவதில்லை. ஆனால் அந்த கியூவைக் கண்டால் மற்ற அடையாளங்களையும் தேடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். பிறகு தரையைத் தொடும் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டையிலும் சீப்பின் பல் மாதிரி, வளைந்து வளைந்து போகும் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக இருக்கும். கட்டையைப் பெருவிரலால் ஒரு பக்கமாகத் தள்ளினால் அது அசையும். சாதாரண டயரில் அப்படி அசையாது.

“ஆனால் அண்ணே, வெட்டு இன்னும் ஆழமாக இருக்கிறதே” என்பீர்கள். இருக்கும்தான். சிறு காரின் சாதாரணப் புது டயரில் பள்ளம் 7 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். ஸ்டட்லெஸ்ஸுக்கு அதைவிடக் கூட. பாதி தேய்ந்த பிறகும் நம் கண்ணுக்கு அது புதிதாகத்தான் தெரியும். ஜப்பான்காரன் பாதி தேய்ந்ததும் பனிக்கு உதவாது என்று கழற்றிவிடுவான். அதற்கென்றே பள்ளத்துக்குள் தனி மேடு ஒன்றும் வைத்திருக்கிறான். அப்படிக் கழித்த டயர்கள்தான் ஏலத்துக்குப் போகும் கார்களில் மாட்டப்பட்டு நமது துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன. குளிர்காலத்தில் வாங்கிய கார் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். காரை விற்றவர் உங்களை ஏமாற்றினார் என்று நினைக்க வேண்டியதில்லை. பாதிப் பேருக்கு அந்தப் பனிப்பூ ஏதோ கம்பனியின் அழகு முத்திரை என்றுதான் நினைப்பு.

சரி, ஓல் சீசனுக்கு வருவோம். இந்தப் பெயரில்தான் குழப்பமே. அமெரிக்காவில் குட்இயர் கம்பனி 1977இல் ‘டியெம்போ’ என்று ஒரு டயரைக் கொண்டுவந்தது. ஓல் சீசன் என்ற கதை அங்கேதான் ஆரம்பம். வட அமெரிக்காவில் இன்றைக்கும் ஓல் சீசன் என்றால் பெரும்பாலும் பக்கச் சுவரில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று மட்டும் போட்ட டயர். சேறும் பனியும் என்று அர்த்தம். அந்த எழுத்துக்குப் பின்னால் பனியில் ஓட்டிப் பார்த்த சோதனை எதுவும் கிடையாது. பள்ளங்களின் அமைப்பை வைத்து உற்பத்தியாளர் தாமே போட்டுக்கொள்வது. உங்கள் டயரில் இருக்கிற, மலையின் மூன்று முகடும் பனிப்பூவும் உள்ள முத்திரை 1999இல் வந்தது. அதைப் பெற டயரைப் பனியில் இழுத்துப் பார்க்க வேண்டும். கனடாவில் இந்த முத்திரையோடு வருடம் முழுக்கப் போடக்கூடிய டயரை ‘ஓல் வெதர்’ என்று தனியாகச் சொல்வார்கள். ஐரோப்பாவிலோ அதையே ஓல் சீசன் என்கிறார்கள். மிச்லின் 2015இல் கொண்டுவந்த ‘குரொஸ்கிளைமேட்’ அந்த ரகம். ஆக ஜேர்மனியில் இருக்கிற சித்தப்பா சொல்லும் ஓல் சீசனும் ரொறன்ரோ அத்தான் சொல்லும் ஓல் சீசனும் வேறு வேறு பொருளாக இருக்கலாம்.

அத்தானிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர் போட்டிருப்பது எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ளதென்றால், ரொறன்ரோவின் ஜனவரிக்கு அது போதாது. 7 பாகைக்குக் கீழே அதுவும் இறுகும். ஒன்ராரியோவில் விண்டர் டயர் கட்டாயமில்லை என்பதால் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால் 2016இலிருந்து அங்கே விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கட்டணத்தைக் குறைத்தாக வேண்டும். கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டப்படி கட்டாயம். மொன்றியாலில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குத் தைப்பொங்கலுக்குக் காரில் போகிறவர் என்றால் அவருக்கு இது தெரிந்திருக்கும்.

உங்களுக்குத் தேவையானது இதில் எது? பனிப்பூ முத்திரை உள்ளது வேண்டாம். புதிய ஓல் வெதர் டயர்கள் சூட்டையும் ஓரளவு தாங்கும், பழைய ஸ்டட்லெஸ் மாதிரி மோசமில்லை என்பது உண்மை. ஆனாலும் நாம் ஒருநாளும் காணாத பனிக்காகக் காசைக் கொட்டி, தினமும் காணும் வெயிலில் அதைத் தேய்ப்பதில் என்ன இருக்கிறது? எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள டயர் உங்கள் அளவில், நல்ல விலையில் கிடைத்தால் தாராளமாகப் போடலாம், அது கிட்டத்தட்டச் சாதாரண டயர்தான். அந்த எழுத்துக்காக ஒரு ரூபா கூடக் கொடுக்க வேண்டாம். நுவரெலியாவுக்குப் போவீர்களென்றாலும் இதே பதில்தான். அங்கே தை மாசி விடியலில் புல்லில் உறைபனி படியும், உண்மை. எட்டு மணிக்கு வெயில் வந்தால் போய்விடும்.

இனித்தான் மாரியின் உண்மையான விஷயம். தண்ணீர்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் டயர் தரையைத் தொடும் அகலம் 12 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். வீதியில் 3 மில்லிமீற்றர் தண்ணீர். 80 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் செக்கனுக்கு 22 மீற்றர் போகிறீர்கள். பெருக்கிப் பார்த்தால் ஒரு சில்லு ஒவ்வொரு செக்கனும் 8 லீற்றர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து தள்ள வேண்டும். கிணற்றடியில் நின்று ஒரு வாளித் தண்ணீரை ஒரு செக்கனில் ஊற்றிக் காலியாக்கிப் பாருங்கள், எவ்வளவு என்று தெரியும். பள்ளங்கள் இருப்பது இதற்காகத்தான்: தண்ணீருக்குப் போக வழி. அந்த வழி போதாமல் போனால் தண்ணீர் டயருக்கும் தாருக்கும் நடுவே ஆப்பு மாதிரிச் செருகிக்கொள்ளும். டயர் மிதக்கும். மிதக்கிற டயருக்கு ஸ்டியரிங்கும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் நாலு சில்லும் இழுக்கிற வாகனமாக இருந்தாலும் கதை அதேதான்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் விமானக்காரர்கள். 1960களில் அமெரிக்காவின் நாசாவில் விமானச் சில்லுகளை ஈர ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்து ஒரு விதி கண்டுபிடித்தார்கள்: பள்ளங்களை மூடும் அளவுக்குத் தண்ணீர் நின்றால், டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் காற்றழுத்தம்தான் தீர்மானிக்கிறது. பி.எஸ்.ஐ. என்ற அலகில் அளந்த அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று வேகம் வரும். 32 பி.எஸ்.ஐ. இருந்தால் சுமார் 94. 25 ஆகக் குறைந்தால் 83. 20 என்றால் 75. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது. மொட்டை டயர் இதற்கு முன்பே மிதக்கும், நல்ல பள்ளமுள்ள டயர் மெல்லிய தண்ணீரில் இதற்கு மேலும் தாங்கும். ஆனால் திசை தெளிவு. “மழைக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்கி ஓடு, நல்லாப் பிடிக்கும்” என்று பெற்றோல் செட்டில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். கடற்கரை மணலில் புதைந்த வண்டிக்குத்தான் அந்த வைத்தியம்.

சரியான அழுத்தம் எது என்று யாரையும் கேட்க வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பான் எழுத்துதான், ஆனால் எண் எண்தான். கிலோபாஸ்கலில் போட்டிருப்பான், 6.9 ஆல் வகுத்தால் பி.எஸ்.ஐ. வந்துவிடும். 230 என்றிருந்தால் 33. காலையில், கார் ஓடுவதற்கு முன்பு அளக்க வேண்டும். நைதரசன் அடித்தால்தான் நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே ஐந்தில் நாலு பங்கு நைதரசன்தான்; மாதத்துக்கு இரண்டு முறை அளந்து அடிப்பதுதான் பெரிய விஷயம்.

பள்ளத்தின் ஆழத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தீக்குச்சியை நடுப் பள்ளத்துக்குள் செங்குத்தாக விட்டு, டயரின் மேல்மட்டம் வருகிற இடத்தில் நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தில் வையுங்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். உள் ஓரம்தான் கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்து கிடக்கும், அலைன்மென்ட் பிழைத்திருந்தால். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்தால் மிச்சம் 1.6 மில்லிமீற்றர். ஐரோப்பாவில் சட்டத்தின் எல்லை அது. நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். 3 மில்லிமீற்றருக்குக் கீழே போனதுமே மழையில் நிற்கும் தூரம் வேகமாகக் கூடத் தொடங்கும். ஆகவே ஒக்டோபரில் 3க்குக் கீழே இருந்தால் அந்த மாரிக்கு முன்பே மாற்றுங்கள். கச்சானில் அதே டயரை ஓட்டியிருக்கலாம். அது வேறு கதை.

நீங்கள் போகிற வழியை எனக்குத் தெரியும். பாலம்போட்டாறு, தம்பலகாமம் சந்தி, முள்ளிப்பொத்தானை, கந்தளாய். இருபுறமும் வயல், வீதி நேராக, கண்ணை மூடிக்கொண்டு 90இல் போகச் சொல்லும். சீனக்குடாப் பக்கமிருந்து மா லொறியும் சீமெந்து லொறியும் நாள் முழுக்கப் போகிற வீதி அது. பாரமான சில்லுகள் ஓடி ஓடித் தாரில் இரண்டு மெல்லிய வாய்க்கால் விழும். வெயிலில் தெரியாது. மழையில் அந்த இரண்டு கோட்டிலும் தண்ணீர் மினுங்கும். உங்கள் கார் சில்லும் சரியாக அந்த இடத்தில்தான் ஓடும். மழை பலமாக இருந்தால் ஒரு அடி தள்ளி, மேடான பகுதியில் ஓடுங்கள். முன்னால் போகிற லொறியின் சில்லுத் தடம் கறுப்பாகத் தெரிந்தால் தண்ணீர் மெல்லிசு. தடம் உடனே மூடிக்கொண்டால் ஆழம் என்று அர்த்தம். ஸ்டியரிங் திடீரென்று பஞ்சு மாதிரி இலேசாகிவிட்டால் மிதக்கிறீர்கள். பிரேக்கைத் தொட வேண்டாம், ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டாம், எக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை இரவில் யானை நிற்கும், ஊருக்குள் வந்தால் மாடும் மானும் நிற்கும். இதெல்லாம் டயரால் தீர்கிற பிரச்சினை இல்லை. 60இல் பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்கும் தூரத்தோடு பார்த்தால் 80இல் அது ஏறக்குறைய 1.8 மடங்கு, எந்த டயர் போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்று, கச்சான் முடிந்து விழும் முதல் மழை. மாதக்கணக்காகப் படிந்த எண்ணெயும் தூசும் இறப்பர்த் தூளும் அந்தத் தூறலில் குழைந்து சவர்க்காரம் மாதிரி ஆகும். கொட்டுகிற மழையைவிட அந்த அரை மணித்தியாலத் தூறல் மோசம்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? கம்பனிப் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். நமது நாட்டிலேயே செய்கிற டயரிலும் நல்லது இருக்கிறது, பெரிய பெயருள்ள டயரிலும் உங்கள் அளவில் சுமாரானது இருக்கிறது. முதலில் அளவும் எடை எண்ணும்: 155/65 ஆர் 14, 75க்குக் குறையாமல். கொஞ்சம் அகலமாகப் போட்டால் அழகு என்று பெடியன்கள் சொல்வார்கள். அகலக் கூடக் கூடத் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். அந்தச் சின்னக் காரின் பாரத்துக்கு அகல டயர் சீக்கிரம் மிதக்கும். இருக்கிற அளவோடு இருங்கள்.

அப்புறம் ஈரப் பிடிப்பு. டயரில் ஒட்டியிருக்கும் லேபலைக் கடையில் கிழித்தெறிவதற்கு முன்பு பாருங்கள். ஐரோப்பிய லேபலில் மழை மேகப் படத்துக்குப் பக்கத்தில் ஏயிலிருந்து ஈ வரை ஒரு எழுத்து இருக்கும். ஏ அல்லது பீ என்றால் நல்லது. ஜப்பான் லேபலில் ஈரப் பிடிப்புக்குச் சிறிய எழுத்தில் ஏ, பீ, சீ, டீ என்று நாலு தரம். லேபல் இல்லையென்றால் பல டயர்களின் பக்கச் சுவரிலேயே ‘ட்ரக்ஷன்’ என்று அச்சாகியிருக்கும். அமெரிக்க முறைப்படி ஈரத் தரையில் நேராகப் பிரேக் பிடித்துப் பார்த்த தரம் அது. இரட்டை ஏ சிறந்தது, அடுத்து ஏ. பீக்குக் கீழே இறங்க வேண்டாம். பக்கத்திலேயே ‘ட்ரெட்வெயார்’ என்று ஒரு எண் இருக்கும். எண் பெரிதென்றால் டயர் மெதுவாகத் தேயும். நம்மாட்கள் அதை மட்டும் பார்த்து வாங்குவார்கள். மிகக் கடினமான இறப்பர் தேயவும் மாட்டாது, ஈரத்தில் பிடிக்கவும் மாட்டாது. 1990களின் தொடக்கத்தில், இறப்பரில் கலக்கும் கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்க்கத் தொடங்கிய பிறகு இரண்டையும் ஓரளவு சேர்த்துக் கொடுக்க முடிகிறது. விற்பவரிடம் சிலிக்காக் கலவையா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் என்றால் முகம் மலரும்.

டயர் செய்த திகதியை நீங்களே வாசியுங்கள். ‘டொட்’ என்ற மூன்றெழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. ஒரு பக்கத்தில் இந்த இலக்கம் இல்லையென்றால் மறுபக்கத்தில் இருக்கும். பூட்டிய சில்லென்றால் காருக்கு அடியில் புகுந்து பார்க்க வேண்டி வரும், வெட்கப்படாதீர்கள். கடையில் ஒரு வருடம் இருந்த டயரில் பிழையில்லை, மூன்று நாலு வருடம் வெயில் படும் வாசலில் அடுக்கியிருந்ததை எடுக்க வேண்டாம். உங்கள் இப்போதைய டயரின் திகதியையும் பாருங்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை நின்றிருந்ததால், கைமாறிக் கைமாறி ஓடும் பழைய கார்களில் டயரும் அந்தக் காலத்ததாகவே இருப்பதைப் பார்க்கிறேன். ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் வெடிப்புப் பார்க்க வேண்டும். பத்து வருடமென்றால் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் கழிக்க வேண்டியதுதான்.

பள்ளத்தின் வடிவத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொல்வார்கள். சுற்றிவர ஓடும் மூன்று நாலு நேர்ப் பள்ளங்கள் அகலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், தண்ணீர் பெரும்பாலும் அவற்றால்தான் போகிறது. அம்புக்குறி போட்ட டயர் என்றால் அம்பு முன்னோக்கிச் சுழல வேண்டும்; ‘அவுட்சைட்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். பூட்டி முடிந்ததும் நாலையும் சுற்றிப் பாருங்கள். அவசரத்தில் மாற்றிப் பூட்டிய டயரோடு மாதக்கணக்கில் ஓடிய கார்கள் என்னிடம் வந்திருக்கின்றன.

நாலும் வாங்கக் காசில்லை, இப்போதைக்கு இரண்டு என்றால்? இதில்தான் நான் ஊரோடு சண்டை பிடிக்கிறேன். எல்லோரும் புதியதை முன்னுக்குப் போடச் சொல்வார்கள். ஸ்டியரிங் அங்கே, எஞ்சின் அங்கே, பிரேக்கின் பெரும் பங்கு அங்கே என்று காரணமும் சொல்வார்கள். 2012 டிசெம்பரில் நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னுடைய டொல்பின் வானுக்கு முன்னால் இரண்டு புது டயர், பின்னால் தேய்ந்தது. கண்டியிலிருந்து வீட்டாரோடு இரவில் வருகிறேன், பாலம்போட்டாற்றுக்குக் கிட்ட ஒரு சாதாரண வளைவு, விடாத மழை. தண்ணீர் நிற்பதைக் கண்டு காலை எடுத்தேன், அவ்வளவுதான். முன் சில்லுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பிடித்துவிட்டன. பின் சில்லுகள் மிதந்தன. வானின் பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு வயல் வரம்பில் நின்றோம். யாருக்கும் ஒன்றுமில்லை. மனைவி ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை.

முன் சில்லு வழுக்கினால் கார் நேராகப் போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வந்துவிடும். பின் சில்லு வழுக்கினால் கார் சுழலும். அதைத் திருப்பிப் பிடிக்கப் பழகிய ஓட்டுநர் நம்மில் எத்தனை பேர்? ஆகவே இரண்டுதான் புதியதென்றால் அவை பின்னுக்கு. முன் சில்லு இழுக்கிற உங்கள் காருக்கும் இதே விதிதான். கராஜில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: இரண்டு சாதாரண டயரும் இரண்டு ஸ்டட்லெஸ்ஸுமாக ஓட்டவே கூடாது, இரண்டு முனையும் வேறு வேறு மாதிரிப் பிடிக்கும். ஆக உங்களுக்கு நாலு வேண்டும். இரண்டு மாதம் தள்ளிப் போனாலும் நாலாகவே வாங்குங்கள், அதுவரை மழையில் 60ஐத் தாண்ட வேண்டாம்.

பாவித்த ஜப்பான் டயர் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். அங்கேயும் பாதி ஸ்டட்லெஸ்தான். கொஞ்ச நாள் முன்பு ஒருவர் கொண்டுவந்த ‘புது மாதிரி’ டயரின் பள்ளத்தில் விரலை விட்டால் விளிம்பு கூராக இருந்தது. மொட்டை டயரைச் சூட்டுக் கத்தியால் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். அடியில் நூல் தெரியாத குறைதான். தேய்ந்த டயருக்கு மேல் புது இறப்பர் ஒட்டிய ரீபில்ட் டயர் லொறிக்கும் பஸ்ஸுக்கும் சரி, அந்தத் தொழிலை நான் குறை சொல்ல மாட்டேன். சின்னக் காருக்கு வேண்டாம்.

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் ஒரு விஷயம் கூட. உப்புக் காற்றில் இரும்பு ரிம்மின் விளிம்பு துருப்பிடித்து, டயர் உட்காரும் இடத்தில் செதில் செதிலாக எழும்பும். டயரில் ஓட்டையே இருக்காது, ஆனால் கிழமைக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. குறையும். புது டயர் பூட்டும்போது ரிம்மை வயர் பிரஷ்ஷால் சுரண்டித் துடைக்கச் சொல்லுங்கள். வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், சொற்பக் காசு. பூட்டிய பிறகு பலன்ஸிங், அலைன்மென்ட். முதல் 200, 300 கிலோமீற்றர் நிதானமாக ஓடுங்கள், புது டயரின் மேற்தோல் வழுவழுப்பாக இருக்கும். அதனால்தான் ஒக்டோபர் நடுவிலேயே மாற்றச் சொல்கிறேன். தீபாவளி நெருக்கத்தில் கொட்டும் மழையில் வந்து வரிசையில் நின்றால் எனக்கும் நிதானமாகப் பார்க்க முடியாது.

கழற்றிய நாலையும் என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். இன்னொரு காருக்கு விற்க வேண்டாம். மீன்பிடிக்கிறவர்கள் படகின் பக்கத்தில் கட்ட வாங்குவார்கள், இறங்குதுறையில் விசாரித்துப் பாருங்கள். அதுவரை வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். மாரித் தண்ணீர் உள்ளே தேங்கி நுளம்பு பெருகினால், டெங்குக்கு வீடு வீடாக வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) முதலில் பார்ப்பது பழைய டயரைத்தான்.